ஆயுள் எதிர்பார்ப்பு என்னும் எண்: சனசமூக நிலையத்தாருக்கு ஒரு திறந்த மடல்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் சனசமூக நிலையங்களை நடத்திவரும் தலைவர்களுக்கும், செயலாளர்களுக்கும், அவற்றின் வாசிகசாலைகளில் நாள்தோறும் பத்திரிகை விரித்துப் படிக்கும் அங்கத்தவர்கள் அனைவருக்கும் இம்மடல்.

வலிகாமத்திலும் வடமராட்சியிலும் தென்மராட்சியிலும் தீவகத்திலும் உங்கள் நிலையங்கள் எடுக்கும் முதியோர் தின விழாக்களிலும் ஆண்டு நிறைவுக் கூட்டங்களிலும் அண்மைக் காலமாக ஆயுள் எதிர்பார்ப்பு என்னும் எண் அடிக்கடி பிரஸ்தாபிக்கப்படுகிறது. பத்திரிகையில் ஒரு வரிச் செய்தியாக வருவதும், பாடசாலைப் பிள்ளைகள் புவியியற் பாடத்தில் மனனம் செய்வதும், பேச்சாளர்கள் தத்தம் கட்சிக்குச் சாட்சியாக அழைப்பதுமாகிய இவ்வெண்ணை எடுத்தாளுவோருள் மிகச் சிலரே அது எவ்வாறு பெறப்படுகிறது என்று விசாரித்திருக்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம். ஊரவரின் அறிவு விருத்திக்கெனவே தோன்றிய நிலையங்கள் உங்களுடையவை. ஆதலால், இவ்விஷயத்தைக் குறித்து முதலில் உங்களுக்கு எழுதுவதே முறையென்று கருதுகிறேன்.

எங்கள் பாட்டன் பூட்டன்மார் குரக்கனும் ஒடியற் கூழும் உண்டு தொண்ணூறும் நூறும் கண்டார்கள் என்றும், நாமோ குளிசைகளைக் கையிலே வைத்துக்கொண்டு அறுபதிலே சாய்ந்துவிடுகிறோம் என்றும் ஒரு சாரார் துக்கிக்கிறார்கள். மற்றொரு சாரார், 1920ஆம் ஆண்டுக் காலத்தில் இலங்கையரின் ஆயுள் எதிர்பார்ப்பு ஆண்களுக்கு 32.7 வருஷமும் பெண்களுக்கு 30.7 வருஷமுமாகவே இருந்தது என்னும் உண்மையான எண்ணைக் காட்டி, ஆகவே அக்காலத்து மனிதர் முப்பத்தைந்து வயதிலே கிழப்பருவம் எய்தினர் என்னும் உண்மையற்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். ஒன்றுக்கொன்று நேர்மாறான இவ்விரு கூற்றுக்களும் ஒரே இடத்தில் வழுவுகின்றன. பிறந்தவுடனேயும், பால்குடி மறக்கு முன்னும், நடை பழகும் பருவத்திலும் இறந்துபோன குழந்தைகளை இரு சாராரும் மறந்துவிடுகிறார்கள்.

ஒரு வீட்டிலே பத்துக் குழந்தைகள் பிறந்தனர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்களுள் மூவர் பிறந்த சில நாட்களுக்குள் இறக்க, எஞ்சிய எழுவரும் அறுபது வயதுவரை வாழ்ந்தனராயின், அவ்வீட்டார் வாழ்ந்த வருஷங்களின் கூட்டுத்தொகை 420. அதனைப் பத்தாற் பிரித்தால் வருவது 42. நாற்பத்திரண்டு வயதில் அவ்வீட்டிலே ஒருவரும் இறக்கவில்லை. நாற்பத்திரண்டு வயதினர் எவரும் தமக்கு மூப்பு வந்துவிட்டதென்று எண்ணியதுமில்லை. ஆயினும், அவ்வீட்டின் சராசரி ஆயுள் நாற்பத்திரண்டு என்பது பிழையற்ற கணக்கு. அந்த எண்ணைக் கீழே இழுத்தவர்கள் அம்மூன்று சிசுக்களே. இதனை ஒருமுறை கையால் எழுதிக் கூட்டிப் பார்த்தவர்கள், பழைய காலத்துச் சிறிய எண்ணைக் கண்டு அக்காலத்தார் விரைவிலே கிழவராயினர் என்று பின்னொருபோதும் மயங்கமாட்டார்கள்.

இனி, முதற் சாராரின் மயக்கம் எங்கிருந்து பிறந்தது என்பதை ஆராய வேண்டும். ஏனெனில், அது நம் ஊருக்கே உரிய ஓர் ஆவணத்திலிருந்து பிறந்தது. ஒருவர் காலமானால் முப்பத்தோராம் நாட் கிரியையை ஒட்டி அவருடைய திதியை வெண்பாவில் அமைத்து, வமிசத்தையும் வரலாற்றையும் கூறி, மக்களும் மருமக்களும் பேரப்பிள்ளைகளும் இரங்குவதாகப் பாடி, கல்வெட்டு என்ற பெயரால் அச்சிட்டு வழங்குவது யாழ்ப்பாணத்தாரின் நெடுங்கால வழக்கம். உங்கள் வாசிகசாலை அலுமாரிகளிலும் அவற்றிற் பல இருக்கும். அவற்றை எடுத்துப் புரட்டினால் எண்பதும் எண்பத்தைந்தும் தொண்ணூறும் பக்கந்தோறும் தோன்றுவது மெய்யே. ஆனால், கல்வெட்டு அச்சிடுவதற்குத் துக்கிக்கும் மக்களும் பேரரும் வேண்டும். மக்களையும் பேரரையும் பெற்றிருப்பதற்கு ஒருவர் முதிர்ந்த பிராயம் எய்தியிருக்க வேண்டும். ஈமத் தீயும் மூட்டப்படாமல் மண்ணில் இடப்பட்ட குழந்தைக்கு முப்பத்தோராம் நாளும் இல்லை, கல்வெட்டும் இல்லை. ஆகவே, நம் குடும்பங்களின் ஞாபகம் எஞ்சியவர்களால் எஞ்சியவர்களைக் குறித்து எழுதப்பட்டதொன்றாயிற்று. பழைய தலைமுறைப் பெண்களை அருகே இருந்து கேட்டுப் பாருங்கள்: எத்தனை பிள்ளைகள் என்றால் ஒரு தொகையையும், எத்தனை பெற்றீர்கள் என்றால் வேறொரு தொகையையும் சொல்வார்கள். அவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசமே 1920ஆம் ஆண்டின் சிறிய எண்ணுக்குப் பெரிய காரணம்.

அந்தப் பெண்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். உலகின் பெரும்பாலான தேசங்களில் ஆண்களிலும் பெண்களே கூடுதலான காலம் சீவிப்பவர்கள் என்பது இன்று எல்லாரும் அறிந்த செய்தி. ஆயினும் இலங்கையில் 1960ஆம் ஆண்டளவு வரைக்கும் நிலைமை தலைகீழாக இருந்தது. 1946ஆம் ஆண்டில் ஆண்களின் ஆயுள் எதிர்பார்ப்பு 43.9 ஆகவும், பெண்களினது 41.6 ஆகவும் இருந்தன. அவ்வாண்டில் ஆயிரம் பிரசவத்துக்குப் பதினைந்து தாய்மாருக்குக் குறையாமல் இறந்தார்கள் என்பதையும், ஒருத்தி ஆறும் எட்டும் முறை பிரசவித்த காலம் அது என்பதையும், இரத்தச் சோகையும் மலைக்காய்ச்சலும் கருவுற்ற தேகத்தையே முதலிற் பற்றுவன என்பதையும் ஒருங்கே நோக்கினால், அவ்விரண்டு வருஷக் குறைவின் பொருள் விளங்கும். சராசரி ஆயுள் என்னும் ஒரே எண்ணுக்குள், வெளியே தோன்றாமல், ஒரு நாட்டின் பிரசவ அறைகள் அடங்கியிருக்கின்றன.

இவ்விடத்தில் நம் குடாநாட்டின் வைத்திய சரித்திரத்தை நினையாமல் கடந்துபோக என் மனம் இசையவில்லை. 1847ஆம் ஆண்டு அமெரிக்க மிஷனின் வைத்தியராக யாழ்ப்பாணம் வந்து, பின் மானிப்பாயில் இருந்து தொண்டாற்றி, 1873ஆம் ஆண்டு திரும்பிச் சென்ற சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் பெரியார், மேனாட்டு வைத்தியத்தைத் தமிழர்க்குத் தமிழிலேயே போதிக்க வேண்டுமென்று துணிந்து, மாணாக்கரைத் திரட்டிப் பயிற்றியதோடு, அவர்களுக்கு வேண்டிய நூல்களையும் தமிழிலே ஆக்குவித்தார். பிரசவ வைத்தியத்தைப் பற்றிய நூலும் அவற்றுள் ஒன்று. பெண்கள் ஆண் வைத்தியரிடம் போகக் கூசிய காலத்தில், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் எனத் தனியே ஒரு வைத்தியசாலை 1898ஆம் ஆண்டு இணுவிலில் திறக்கப்பட்டது. மக்லியோட் வைத்தியசாலை என்ற அதன் பெயரை இன்றும் அவ்வூர் அறியும். சத்திர வைத்திய நிபுணரின் அருமையான சிகிச்சை ஒன்றினால் அறுபது வயதினர் ஒருவர் மேலும் ஐந்து வருஷம் வாழ்வதும், கைகளைச் சுத்தமாகக் கழுவிய மருத்துவிச்சி ஒருத்தியால் ஒரு சிசு அறுபது வருஷம் வாழ்வதும் இரண்டும் நன்மையே; ஆனால், ஆயுள் எதிர்பார்ப்பு என்னும் கணக்கிலே இரண்டாவது பன்னிரு மடங்கு பெரியது. குடாநாட்டின் எண் உயர்ந்ததற்குக் காரணமானவர்களைத் தேடுவோமாயின், நாம் பெயரறியாத மருத்துவிச்சிகளையும், இன்றைய குடும்பநல உத்தியோகத்தர்களையும், கிணற்றுக்குக் குளோரின் இட்ட சுகாதாரப் பரிசோதகர்களையுமே முதலில் வணங்க வேண்டும்.

இனி, இக்கணக்கு எவ்வாறு செய்யப்படுகிறது என்பதற்கு வருகிறேன். லண்டன் மாநகரத்து மரணப் பட்டியல்களை ஆராய்ந்து 1662ஆம் ஆண்டு ஜோன் கிராண்ட் என்னும் வணிகர் எழுதிய நூலும், பிரெஸ்லோ நகரத்துச் சனன மரணப் பதிவுகளைக் கொண்டு 1693ஆம் ஆண்டு வானசாஸ்திரியாகிய எட்மண்ட் ஹாலி இயற்றிய அட்டவணையும் இக்கலைக்கு அடிக்கல்லாயின. அதன் முறை பின்வருமாறு. ஓர் இலட்சம் குழந்தைகள் ஒருங்கே பிறந்ததாகப் பாவனை செய்கிறார்கள். இவ்வாண்டில் நாட்டிலே ஒரு வயதுக்கு உட்பட்டோர் எவ்விகிதத்தில் இறந்தனரோ, அவ்விகிதத்தில் அவ்விலட்சம் பேருள் சிலரைக் கழிக்கிறார்கள். எஞ்சியோரை ஒரு வயதினர் இவ்வாண்டில் இறந்த விகிதத்திலும், அதற்குமேல் எஞ்சியோரை இரண்டு வயதினர் இறந்த விகிதத்திலுமாக, நூறு வயதுக்கு அப்பாலும் ஒருவரும் எஞ்சாதவரை கழித்துக்கொண்டு போகிறார்கள். இறுதியில், அவ்விலட்சம் பேரும் வாழ்ந்த வருஷங்கள் அனைத்தையும் கூட்டி இலட்சத்தாற் பிரிக்கிறார்கள். வரும் ஈவே பிறப்பில் ஆயுள் எதிர்பார்ப்பு.

அந்தப் பாவனையை ஊன்றி நோக்குங்கள். இன்று பிறந்த குழந்தை, தனக்கு நாற்பது வயதாகும்போதும் இன்றைய நாற்பது வயதினர் இறக்கும் விகிதத்திற்கே உள்ளாகும், எழுபது வயதாகும்போதும் இன்றைய எழுபது வயதினர் இறக்கும் விகிதத்திற்கே உள்ளாகும் என்பது அதன் கருத்து. உலகம் அவ்வாறு எழுபது வருஷம் அசையாமல் நின்றதில்லை என்பது கணிதருக்கும் தெரியும். அவர்கள் அந்த எண்ணை வருங்காலம் உரைப்பதற்குச் செய்யவில்லை. ஒரு குறித்த ஆண்டில் ஒரு நாட்டில் மரணம் எவ்வளவு மும்முரமாக இருந்தது என்பதை ஒரே எண்ணாற் சொல்லவும், ஓராண்டை மற்றோராண்டுடனும் ஒரு நாட்டை மற்றொரு நாட்டுடனும் ஒப்பிடவுமே செய்தார்கள். நம் சோதிடர் சாதகத்தைக் கணித்து அற்பாயுள், மத்திமாயுள், தீர்க்காயுள் என்று வகுப்பது தனியொருவரைக் குறித்து. ஆயுள் அட்டவணைக்குத் தனியொருவர் என்று எவருமில்லை; அதற்குக் கூட்டமே தெரியும்.

அந்த எண் வருங்காலம் உரைப்பதன்று என்பதற்கு இலங்கையின் சரித்திரத்திலேயே, உலகத்தின் குடித்தொகை அறிஞர்கள் எல்லாரும் எடுத்துப் பேசும் உதாரணம் ஒன்று உண்டு. 1934ஆம், 1935ஆம் ஆண்டுகளில், மழை பொய்த்துத் தென்னிலங்கை ஆறுகள் வற்றிக் குட்டை குட்டையாகத் தேங்கியபோது, பரவிய மலைக்காய்ச்சலால் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர்; 1935ஆம் ஆண்டிலே பிறந்த ஆயிரம் சிசுக்களில் 263 சிசுக்கள் முதலாம் ஆண்டு நிறைவைக் காணவில்லை. அதன்பின் கிராமந்தோறும் சிகிச்சை நிலையங்கள் ஏற்பட்டன. யுத்த காலத்திலே பங்கீட்டு அரிசி வந்தது. யுத்தம் முடிந்ததும் வீடுகளின் சுவர்களில் டிடிடி மருந்து தெளிக்கப்பட்டது. 1946ஆம் ஆண்டு ஆயிரம் பேருக்கு இருபதுக்கு மேற்பட்டிருந்த மரண விகிதம் 1947ஆம் ஆண்டு பதினான்கு அளவுக்கு இறங்கியது. ஆயுள் எதிர்பார்ப்போ ஒரே வருஷத்தில் ஆண்களுக்கு 52.7 ஆகவும், பெண்களுக்கு 51.0 ஆகவும், அதாவது ஒன்பது வருஷ அளவு, உயர்ந்துவிட்டது. அந்த ஏற்றத்தை டிடிடி மருந்துக்கே உரியதாக்குவோரும், உணவுக்கும் வைத்திய வசதிக்கும் பங்கிடுவோருமாக அறிஞர்கள் பல்லாண்டு வாதிட்டனர். மலைக்காய்ச்சல் அதிகமில்லாத பகுதிகளிலும் மரணம் குறைந்தமையால், ஒரே காரணத்தைச் சொல்லுவோரின் பக்கம் என்னாற் சேர இயலவில்லை.

காரணம் எதுவாயினும் ஆகுக. 1946ஆம் ஆண்டு பிறந்த குழந்தைகளை நோக்குங்கள். அவ்வாண்டின் அட்டவணை அவர்களுக்கு நாற்பத்து மூன்று வருஷ அளவே காட்டியது. அடுத்த ஆண்டின் அட்டவணையே அதனைப் பொய்யாக்கியது. அவ்வாண்டு பிறந்து, இலவசக் கல்வியிற் படித்து, உத்தியோகம் பார்த்து, இளைப்பாறி, இன்று எண்பதை அணுகிநிற்கும் முதியோர் உங்கள் நிலையங்களின் வாங்குகளில் வந்து அமர்கிறார்கள். எண் அவர்களுக்குச் சொன்னதிலும் வாழ்க்கை அவர்களுக்கு ஏறக்குறைய இருமடங்கு தந்தது.

மறுபுறத்தையும் சொல்லியே ஆகவேண்டும். அதனைச் சொல்லும்போது என் எழுத்து நடுங்குகிறது. 1981ஆம் ஆண்டிலே இலங்கையின் ஆயுள் எதிர்பார்ப்பு ஆண்களுக்கு 67.7, பெண்களுக்கு 72.1. ஏழை நாடொன்று இத்துணை உயர்ந்த எண்ணைப் பெற்றதைக் கண்டு உலகம் வியந்து பாராட்டிய காலம் அது. அவ்வாண்டு வல்வெட்டித்துறையிலோ, சாவகச்சேரியிலோ, ஊர்காவற்றுறையிலோ பிறந்த ஓர் ஆண் குழந்தைக்கு அந்த எண் அறுபத்தேழு வருஷத்துக்கு மேல் என்றது. அக்குழந்தைக்கு இரண்டு வயதளவிலே 1983ஆம் ஆண்டு யூலைக் கலவரம் வந்தது. ஆறு வயதிலே குண்டுவீச்சு. ஒன்பது வயதிலே மருந்துக்கும் மண்ணெண்ணெய்க்கும் தடை. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமம் முழுவதும் பெயர்ந்து நாவற்குழிப் பாதையிலே மழையோடு நடந்தபோது அதற்குப் பதினான்கு வயது. யுத்தம் முடிந்த 2009ஆம் ஆண்டு வைகாசி மாதத்தில் இருபத்தெட்டு. அந்தத் தலைமுறையில் எத்தனை பேர் அந்த இருபத்தெட்டையும் காணவில்லை என்பதை நான் உங்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 1946ஆம் ஆண்டுக் குழந்தைக்கு அட்டவணை குறைத்துச் சொல்லிற்று. 1981ஆம் ஆண்டுக் குழந்தைக்குக் கூட்டிச் சொல்லிற்று. இரண்டு முறையும் அது தன் கடமையைச் சரியாகவே செய்தது. அந்தந்த ஆண்டின் மரணங்களை எண்ணிற்று. வருங்காலத்தை அதனிடத்தில் கேட்டவர்களே பிழைபட்டார்கள்.

யுத்த காலத்து எண்களைப் பற்றி இன்னும் ஒரு விஷயம் உண்டு. 1981ஆம் ஆண்டுக்குப் பின், 2000ஆம் ஆண்டு முதல் 2002ஆம் ஆண்டு வரைக்குமான அட்டவணை ஆண்களுக்கு 68.8 என்றும் பெண்களுக்கு 77.2 என்றும் காட்டுகிறது. இருபது வருஷத்தில் பெண்கள் ஐந்து வருஷம் பெற, ஆண்கள் பெற்றது ஒரே ஒரு வருஷம். யுத்தமும், தற்கொலையும், வீதி விபத்தும், மதுவும், இருதய நோயும் இந்நாட்டின் ஆண்மக்களிடமிருந்து எடுத்துக்கொண்டவை அந்த ஒரே எண்ணின் சிறுமையிலே தெரிகின்றன. ஆனால், நம்மைப் பொறுத்தமட்டில் அதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. மரண விகிதம் காண்பதற்கு இறந்தோர் தொகை மட்டும் போதாது. உயிரோடிருந்தோர் தொகையும், அவர்கள் எவ்வெவ்வயதினர் என்பதும் வேண்டும். 1991ஆம் ஆண்டு எடுக்க வேண்டிய குடிசன மதிப்பீடு நாட்டிலே எடுக்கப்படவேயில்லை. 2001ஆம் ஆண்டின் மதிப்பீடு பதினெட்டு மாவட்டங்களில் மட்டுமே முற்றாக நடந்தது. யாழ்ப்பாணம் அவற்றுள் ஒன்றன்று. 1981ஆம் ஆண்டு, அப்போது கிளிநொச்சியையும் உள்ளடக்கியிருந்த யாழ்ப்பாண மாவட்டத்தில் 8 இலட்சத்து 30 ஆயிரம் பேர் எண்ணப்பட்டனர்; அடுத்த முழுமையான எண்ணிக்கை 2012ஆம் ஆண்டிலேயே நிகழ்ந்து, கிளிநொச்சி நீங்கிய யாழ்ப்பாண மாவட்டத்தில் ஏறத்தாழ 5 இலட்சத்து 83 ஆயிரம் பேரைக் கண்டது. இடைப்பட்ட முப்பத்தொரு வருஷமும், நாட்டின் சராசரி என்று பத்திரிகையில் வந்த எண்ணுக்குள் நம்மவரின் வாழ்வும் சாவும் முறைப்படி அடங்கியிருக்கவில்லை. பதிவாளரும் பதிவுப் புத்தகமும் தாமே இடம்பெயர்ந்த நாட்களில், பாதையோரத்தில் பிறந்த சிசுவுக்கும் பதுங்குகுழியில் இறந்த கிழவிக்கும் பத்திரம் எழுதுவார் யார்? 1867ஆம் ஆண்டு முதல் இந்நாட்டிலே சனன மரணப் பதிவு சட்டப்படி நடைபெற்றுவந்திருந்தும், அதற்கு முன்பே ஒல்லாந்தர் தம் தேவாலயங்களில் ஞானஸ்நானமும் விவாகமும் எழுதிய தோம்புகளை நம்மூரில் வைத்திருந்தும், இருபதாம் நூற்றாண்டின் இறுதியிலே நாம் எண்ணப்படாதவர்களானோம்.

காணாமற்போனோரின் குடும்பத்தாரைக் குறித்து மிகவும் தயக்கத்தோடு ஒரு வார்த்தை. 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் அவர்களுக்கு மரணப் பத்திரம் பெற வழி செய்தது. 2016ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம், இறந்தார் என்று கூறாமல், அவர் இல்லாதிருப்பதை மாத்திரம் உறுதிசெய்யும் சான்றிதழ் ஒன்றை ஏற்படுத்தியது. தன் மகன் இறந்தான் என்று எழுதிக் கையொப்பமிட மறுக்கும் தாய், கணக்குக்குக் குறுக்கே நிற்கிறாள் என்று எவரும் சொல்லற்க. புள்ளிவிவரம் முழுமையாவதற்காக அவள் தன் கேள்வியைக் கைவிட வேண்டியதில்லை. அவளுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் பதில் சொல்லும்வரை அந்த வரி வெறுமையாக இருப்பதே நியாயம்.

இப்பொழுது, அன்றாட வாழ்விலே இந்த எண் செய்துவரும் தீங்குக்கு வருகிறேன். இம்மடலை எழுத என்னைத் தூண்டியதும் அதுவே. 2011ஆம் ஆண்டு முதல் 2013ஆம் ஆண்டு வரைக்குமான அட்டவணையின்படி இலங்கையின் ஆயுள் எதிர்பார்ப்பு ஆண்களுக்கு 72.0, பெண்களுக்கு 78.6. இதனைப் பத்திரிகையிற் கண்ட முதியவர் ஒருவர், தமக்கு எழுபத்தொரு வயதாகிவிட்டதால், இனி ஒரு வருஷமே மிச்சம் என்று எண்ணிக்கொள்கிறார். அவர் பிள்ளைகளும், வாயாற் சொல்லாவிடினும், அவ்வாறே எண்ணிக்கொள்கிறார்கள். கண்ணிலே வெண்புரை படர்ந்தால், "வயது போட்டுது, இனி என்னத்துக்கு ஒப்பரேசன்" என்கிறார்கள். முழங்கால் நோவுக்கு, "இந்த வயதிலை இது காணும்" என்கிறார்கள். சலரோகத்துக்கும் பிறசருக்கும் மாதாந்தக் கிளினிக்குக்குக் கூட்டிச்செல்ல ஆளில்லாமற் போகிறது. வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் காசு அனுப்புகிறார்கள். பக்கத்திலே நிற்க ஒருவர் இல்லை. இவற்றுக்கெல்லாம் அந்த எழுபத்திரண்டு ஒரு நியாயமாக எடுத்துக் காட்டப்படுகிறது.

அது சிறிதும் நியாயமாகாது. எழுபத்திரண்டு என்பது பிறப்பில் எதிர்பார்க்கப்படும் ஆயுள். அதற்குள் சிசுவாய் இறந்தோரும், இருபது வயதில் மோட்டார்ச் சைக்கிளில் அடிபட்டோரும், நாற்பதில் மாரடைப்பால் வீழ்ந்தோரும் அடங்குவர். எழுபத்தொரு வயது எய்தியவர் அந்த அபாயங்கள் அனைத்தையும் கடந்துவந்தவர். அவருக்கு அந்த எண் பொருந்தாது. அவர் வயதினருக்கென்று அதே அட்டவணையில் வேறோர் எண் உண்டு. ஒவ்வொரு வயதுக்கும் எதிரே, அவ்வயதை எய்தியவர்கள் சராசரியாக இன்னும் எத்தனை வருஷம் வாழ்வர் என்று அதிலே குறிக்கப்பட்டிருக்கும். இந்நாட்டில் அறுபது வயதை எய்தியவர் முன்னே இன்னும் ஏறத்தாழ இருபது வருஷம் இருக்கிறது. பெண்களுக்கு அதனினும் சற்று அதிகம். எழுபத்தொன்றிலும் ஒரு வருஷம் மிச்சம் என்பது முழுப் பிழை. அந்த வருஷங்களைக் கண்ணொளியோடு கழிப்பதற்கும் இருளிலே கழிப்பதற்கும் உள்ள வேற்றுமையைத்தான் "என்னத்துக்கு ஒப்பரேசன்" என்ற வார்த்தை ஒரு கணத்திலே தீர்மானித்துவிடுகிறது. வாழும் வருஷங்களின் தொகையோடு, அவற்றுள் நோயின்றி வாழும் வருஷங்கள் எத்தனை என்றும் இக்காலத்தார் கணக்கிடுகிறார்கள்; முதியோர் தின மேடைகளிலே பேசத்தக்கது அந்தக் கணக்கே.

இளைப்பாற்றுச் சம்பளம், முதியோர் உதவிப்பணம், வயோதிபர் இல்லங்கள் முதலியவற்றைத் திட்டமிடும்போதும் பிறப்பில் எதிர்பார்க்கப்படும் ஆயுளை வைத்துக்கொண்டு பேசுவது இவ்வகைப் பிழையே. அறுபது வயதினரின் எண் எது, எழுபது வயதினரின் எண் எது என்று கேளுங்கள். கேட்டால் கொடுக்கக்கூடிய திணைக்களம் இந்நாட்டில் உண்டு.

இனி நான் வேண்டிக்கொள்வது இதுவே. உங்கள் நிலையம் ஒவ்வொன்றிலும் ஒரு கொப்பி வையுங்கள். ஊரிலே பிறக்கும் குழந்தையையும், இறக்கும் மனிதரையும், வயதோடும் காரணத்தோடும் அதிலே எழுதுங்கள். வீட்டிலே நேர்ந்த மரணங்களுக்கு வெறுமனே முதுமை என்றோ காய்ச்சல் என்றோ எழுதிவிடாமல், கிளினிக் கொப்பியைத் தேடி எடுத்து, இருந்த நோயைப் பதிவாளருக்கும் திடீர் மரண விசாரணை அதிகாரிக்கும் சரியாகச் சொல்லும்படி குடும்பத்தாருக்குத் துணைசெய்யுங்கள். துக்கத்திலிருப்பவர்களுக்கு அந்நேரத்தில் அது தோன்றாது. பிறந்து ஒரு நாளே வாழ்ந்த சிசுவாயினும் அதன் பெயர் அல்லது பெயரின்மை அக்கொப்பியில் இருக்கட்டும். ஆண்டுக்கொருமுறை உங்கள் பொதுக்கூட்டத்துக்குச் சுகாதார வைத்திய அதிகாரியை அழைத்து, நம் பகுதியிலே ஐந்து வயதுக்குட்பட்டோர் எவ்வெக்காரணங்களால் இறந்தனர், நாற்பதுக்கும் அறுபதுக்கும் இடைப்பட்ட ஆண்கள் எவ்வெக்காரணங்களால் இறந்தனர், அவற்றுள் தடுக்கக்கூடியவை எவை என்று கேளுங்கள். முதியவர் ஒருவரைச் சிகிச்சைக்கு அழைத்துச் செல்ல ஆளில்லையென்றால், நிலையத்து இளைஞர் ஒருவர் துணையாகப் போகட்டும். வயது போட்டுது என்று சொல்லும் வாய்க்கு உங்கள் மேடையில் இடமளிக்காதீர்கள்.

உங்கள் அடுத்த பொதுக்கூட்டத்திலே இவற்றைத் தீர்மானமாக நிறைவேற்றி, அந்தக் கொப்பியின் முதற் பக்கத்தை அன்றைக்கே எழுதத் தொடங்கும்படி உங்கள் ஒவ்வொருவரையும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
உங்கள் வாசிகசாலை வாசகருள் ஒருவன்.